முள்ளம்பன்றி சொன்ன பதில்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் சேர்ந்து ஒரு தேன் நிறுவனம் நடத்திவந்தன. அதன் தலைவர் கரடியார். தேனைப் பிழிந்து வடிகட்டும் வேலை முள்ளம்பன்றியாருடையது. வேலையில் கெட்டிக்காரர், ஆனால் மகா கோபக்காரர். வெளியே போய்த் தேன் விற்று வருவது மஞ்சரி என்ற மைனாவின் வேலை.

அந்த ஆண்டு விற்பனை படுத்துவிட்டது. "மழைக்காலத்துக்குள் இந்தத் தேன் பானைகள் காலியாகாவிட்டால், நிறுவனத்தை மூட வேண்டியதுதான்" என்றார் கரடியார்.

"இப்போது காட்டில் எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறது. சமூக வலைத்தளத்தில் நமக்கென்று ஒரு பக்கம் தொடங்கலாமே!" என்றது மஞ்சரி.

"வெட்டிப் பேச்சு!" என்று உறுமினார் முள்ளம்பன்றியார்.

ஆனாலும் கரடியார் சம்மதித்தார். மஞ்சரி தேனைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. 'உலகிலேயே இனிப்பான தேன் எங்களுடையதே!' என்று தினமும் எழுதித் தள்ளியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு முயல் அங்கே எழுதியது: 'நான் வாங்கிய தேன் அடியில் சர்க்கரையாய் உறைந்து கிடக்கிறது. இது கலப்படம்!'

பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க அதே பேச்சு.

"பக்கத்தை மூடு!" என்று கத்தினார் கரடியார்.

"ஒரே ஒரு நாள் கொடுங்கள், ஐயா" என்று கெஞ்சியது மஞ்சரி. பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அதற்கு உறைத்தது: தேன் ஏன் உறைகிறது என்றே தனக்குத் தெரியாது!

நேரே முள்ளம்பன்றியாரிடம் பறந்தது.

"எங்களைக் கேட்டா எழுதினாய்?" என்று அவர் முட்களைச் சிலிர்த்தார்.

"கேட்கவில்லை, அண்ணா. தவறு என்னுடையதுதான்" என்றது மஞ்சரி. "ஆனால் அந்த முயல் உங்கள் வேலையைக் கலப்படம் என்கிறது. அதற்குப் பதில் சொல்ல உங்களால்தான் முடியும்."

"என் தேனையா? கலப்படமா?" முள்ளம்பன்றியார் எழுந்துவிட்டார். "எடு படம்!"

மஞ்சரி செல்பேசியைப் பிடித்தது. அவர் உறைந்த தேன் சீசா ஒன்றை வெதுவெதுப்பான நீரில் வைத்தார். "ஏய் முயலே! குளிர் பட்டால் சுத்தமான தேனும் உறையும். இப்படி வைத்தால் இளகும், பார். இன்னும் சந்தேகமா? நாளைக் காலை நேரில் வா. உன் கண் முன்னால் தேனடையைப் பிழிகிறேன்!"

மஞ்சரி அந்தப் படத்தை அப்படியே பக்கத்தில் போட்டது. பூச்சு இல்லாத அந்தப் பேச்சைக் காடே பார்த்தது. மறுநாள் முயல் வந்தது. அதன் பின்னால் பெருங்கூட்டமும் வந்தது. முள்ளம்பன்றியார் அடையைப் பிழிந்தார், வடிகட்டினார், எல்லார் நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தார்.

முயல் அங்கேயே நின்று எழுதியது: 'நான் சொன்னது தப்பு. இது அசல் தேன்!'

மழைக்கு ஒரு மாதம் முன்பே பானைகள் காலியாயின. கரடியார் மஞ்சரியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடினார். மஞ்சரிக்குச் சிறகெல்லாம் பூரித்தது.

அப்போது முள்ளம்பன்றியார் மெல்ல அருகில் வந்தார். "மஞ்சரி, நாளைக்கு எத்தனை மணிக்குப் படம் எடுப்பாய்? நான் முள்ளைச் சீவிக்கொண்டு வர வேண்டும்!"

நீதி: உடன் உழைப்பவர்களையும் பேச வைத்தால்தான் நம் சொல்லை ஊர் நம்பும்.