‘என்று’ எனும் சொல்

அன்று அவையில் இருந்தோர் இவர்கள்: அரசர் செங்கோவேள், அரசாணைகளை எழுதுவிக்கவும், அவையில் வைக்கப்படும் ஓலை எதுவாயினும் அதை உரக்கப் படிக்கவும் கடமைப்பட்ட ஓலைநாயகம் புற்றிடங்கொண்டார், படித்த ஆணையை அக்கணமே நிறைவேற்றும் காவல்தலைவன் காரி, அரசரின் மதியுரையாளர் அறம்வளர்த்தாள், தூணோரம் நின்ற தூதர்கள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த புலவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், பயன் கூடாது.

காரிக்குப் பொருள் ஆராயும் வழக்கம் இல்லை. ‘அவையைக் கூட்டுக’ என்று ஒருமுறை ஓலை படிக்கப்பட்டபோது துடைப்பத்தோடு வந்து நின்றவன் அவன். இதைக் கேட்டுச் சிரிக்கும் நிரலாளர்கள், தம் மேசைமேல் இருக்கும் கணினி காரியின் உடன்பிறப்பே என்பதை மறவாதிருப்பது நல்லது.

அவ்வாண்டு மழை பொய்த்தது. நெல் பால்பிடிக்கும் பருவம். ஏரிகளில் நீர் இருந்தது. மதகைத் திறக்க அரசாணைதான் ஊர்களுக்கு வந்து சேரவில்லை.

“இன்னும் எத்தனை ஊர்களுக்கு எழுத வேண்டும், ஓலைநாயகரே?” என்று அரசர் கேட்டார்.

“பாதிக்கு மேல், அரசே. எழுத்தர்களின் விரல்கள் வீங்கிவிட்டன.”

“அப்படி என்னதான் எழுதுகிறார்கள்?” என்றாள் அறம்வளர்த்தாள்.

“‘மருதங்குடி ஏரியின் மதகைத் திற.’ அடுத்து, ‘கீழ்ப்பாடி ஏரியின் மதகைத் திற.’ அடுத்து...”

“ஊர்ப்பெயரைத் தவிர வேறேதும் மாறுகிறதா?”

“மாறாது. ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் எம் உழைப்பு, அம்மையே!”

“செக்குமாடும் உழைக்கிறது. அது காசிக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் செய்தி இல்லை.”

அரசருக்குப் பொறுமை போயிற்று. “நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லா ஊருக்கும் ஆணை போய்ச் சேர வேண்டும். இல்லையேல் பயிர் பதராகும்.”

“ஓர் ஓலை போதும், அரசே,” என்றாள் அவள்.

ஓலைநாயகம் நகைத்தார். “தன் பெயர் இல்லாத ஆணையை எந்த ஊர்ச்சபை ஏற்கும்?”

“நான் ஊருக்கு எழுதவில்லை. ஆணையை எழுதும் ஆணையை எழுதுகிறேன்.”

எழுதியும் கொடுத்தாள்: ‘தூதர் ஒவ்வொருவரும் தாம் சேரும் ஊரின் பெயரை முன்னே இட்டு, “ஏரியின் மதகைத் திற” என்று ஓலை எழுதி, ஊர்ச்சபையிடம் கொடுக்க.’

மெட்டாபுரோகிராமிங் என்று இன்று பெருமூச்சோடு உச்சரிக்கப்படுவது இவ்வளவே: வேலையைச் செய்யும் நிரலை எழுதாமல், அந்நிரலை எழுதும் நிரலை எழுதுவது. ஒரே வரியைப் பெயர் மாற்றி நூறு முறை ஒட்டிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைப்போர் இதை அரிய வித்தை என்பர். சோம்பலுக்கு உழைப்பென்று பெயர் சூட்டியோருக்கு அறிவு அரிய வித்தையாகத்தான் தோன்றும்.

தம் எழுத்தர்கூடம் இனித் தேவைப்படாது என்பது ஓலைநாயகத்துக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“அரசே, இதை நான் படித்தால் என்ன ஆகும்? உள்ளே ‘மதகைத் திற’ என்று இருக்கிறது. காரி ஓடிப்போய் அரண்மனைக்கு மேலே இருக்கும் கோட்டைமேட்டு ஏரியைத் திறந்துவிடுவான். அந்தப்புரம் மிதக்கும்! ஆணை எதன் உள்ளே இருந்தாலும் ஆணையே.”

அரசர் திடுக்கிட்டார். “அம்மையே, என் அரண்மனையை மூழ்கடிக்கும் ஓலையா இது? அப்படியானால் நீர் இந்நாட்டில் இருக்க இயலாது. இன்றே எல்லை கடக்க வேண்டும்.”

“கடக்கிறேன். அதற்குமுன் இன்னோர் ஓலை வைக்கிறேன். அதை முதலில் படிப்பது ஓலைநாயகரின் கடமை.”

இரண்டாம் ஓலை அவர் கைக்கு வந்தது. கண்ணால் படித்தார், வாய் திறக்கவில்லை. அதில் இருந்தது இது: ‘“ஓலைநாயகம் பதவி துறந்து அவையை விட்டு வெளியேறுக” என்று நேற்றுக் குதிரைக்காரன் சொன்னான்.’

காரி ஓரடி முன்னே வந்தான்.

“படியும்,” என்றார் அரசர்.

“அரசே, இது... இது ஆணை அன்று. குதிரைக்காரன் உளறியதைச் சொல்கிறது, அவ்வளவே.”

“உள்ளே ‘வெளியேறுக’ என்று இருக்கிறதே, ஓலைநாயகரே?” என்றாள் அறம்வளர்த்தாள்.

“இருந்தால் என்ன? பின்னால் ‘என்று’ வருகிறதே! ‘என்று’ வந்துவிட்டால் அது வெறும் சொல். பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும்!”

“பால்குடிப் பிள்ளைக்குத் தெரிந்தது உமக்கும் தெரிந்ததில் மகிழ்ச்சி. என் ஓலையிலும் அச்சொல் இருக்கிறது. நீர்தான் அதை விட்டுவிட்டுப் படித்தீர். ‘என்று’ இருக்கும்வரை ஆணை கையில் இருக்கும் பொருள். பெயர் மாற்றலாம், பெருக்கலாம், தூதனிடம் கொடுத்தனுப்பலாம். அச்சொல் நீங்கிய கணத்தில்தான் ஆணை செயலாகும். இவ்வேறுபாடு அறியாதவர் ஆணை எழுதக்கூடாது. எழுதுவோரை மேய்க்கவும் கூடாது.”

அரசர் முத்திரையிட்டார். முதல் ஓலையை ஓலைநாயகமே படிக்க நேர்ந்தது. புளித்த மோர் குடித்தவர்போல் படித்தார். காரி அசையவில்லை. தூதர்கள் குதிரைகளை நோக்கி ஓடினர். மறுநாள் மாலைக்குள் கடைசி ஊரின் வாய்க்காலிலும் நீர் ஓடியது. வரும் ஆண்டில் புதிதாய் ஓர் ஊர் எழுந்தாலும் அதற்கும் அவ்வோலையே போதும்.

அது மறுநாள் செய்தி. அன்று தூதர்கள் போனதும் அரசர், “அம்மையே, என்ன பரிசு வேண்டும்?” என்றார்.

“பரிசு வேண்டா, அரசே. இரண்டாம் ஓலை இன்னும் படிக்கப்படவில்லை. அவை விதி தவறலாகாது.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கொட்டாவி விட்ட புலவர்களும் விழித்துக்கொண்டனர்.

“உண்மைதான். ஓலைநாயகரே, படியும். முழுவதும் வேண்டா, ‘என்று’ வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளும்.”

காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். புற்றிடங்கொண்டார் ஓலையை அரசரின் காலடியில் வைத்தார், மேலாடையைச் சரிசெய்தார், அதைப் படிக்காமல் தாமே அவையை விட்டு வெளியேறினார்.