கயிறு கட்டிய குடம்

“என் மருந்தை எதுக்கும்மா பூட்டி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் வயிரவநாதன்.

கேட்டது மடத்துத் தலைவி பூரணத்தம்மாளிடம். அவளுக்கு நாற்பது வயது, அவருக்கு ஐம்பத்தாறு. முப்பது வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, மனசு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க அவளிடம் வந்து சேர்ந்தவர். சீடர் என்றுதான் பெயர். வைத்தியர் என்கிற மிடுக்கு இன்னும் இறங்கவில்லை.

கோபம் நியாயமானதுதான்.

மலைக்குக் கீழே இருந்த ஊரை ஆறு ஒரே இரவில் வாரிக்கொண்டு போயிருந்தது. தப்பித்த நாற்பது பேர் மடத்துக் கூடத்தில் கிடந்தார்கள். கண்ணை மூடினால் தண்ணீர் வருகிறது என்றார்கள். ஒருவருக்கும் தூக்கமில்லை.

நாற்பதில் ஒருவன் வயிரவநாதனின் தம்பி இளையபெருமாள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். பத்தொன்பது நாளாக அவன் கண் மூடவில்லை. முந்தாநாள் மடத்துக் கிணற்றுச் சுவரில் ஏறி நின்றவனை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

“என் வேர்க் கஷாயம் தூங்க வைக்கும்” என்றார் வயிரவநாதன்.

“எப்படித் தெரியும்?”

“முந்நூறு பேருக்குக் கொடுத்திருக்கேன். இருநூத்தி நாப்பது பேருக்குக் குணமாச்சு.”

“அவங்க வந்து சொன்னாங்களா?”

“குணமானவன் எதுக்கும்மா வைத்தியன் வாசலுக்கு வரப்போறான்? திரும்பி வராதவங்களைத்தான் சொல்றேன்.”

பூரணத்தம்மாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். தூரத்தில் ஆற்றங்கரைச் சுடுகாடு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“அங்க போனவங்களும்தான் திரும்பி வரலை” என்றாள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. எதிரே இருந்தவள் வயதில் சின்னவள் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ரொம்பவே உறைத்தது.

“அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?”

“பாதிப் பேருக்குக் கொடுங்க. பாதிப் பேருக்குக் கொடுக்காதீங்க.”

“இருக்கிற மருந்தைக் கொடுக்காம விடறது பாவமில்லையா?”

“அது நல்லதுன்னு தெரிஞ்சா பாவம்தான். தெரியுமா?”

“எனக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியலை.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி. ரொம்ப முடியாதவங்க யாருன்னு பாத்து, அவங்களுக்கு வேரைக் கொடுக்கிறேன்.”

“நீங்க பாக்கவே கூடாது. கொட்டை பாக்கட்டும்.”

தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் உரைத்து வெளுத்த புளியங்கொட்டை ஒன்று அவள் கையில் இருந்தது.

ஏற்பாடு இதுதான். ஆட்கள் இரண்டிரண்டு பேராக வர வேண்டும். கொட்டையை உருட்டி வெள்ளை விழுந்தால், முன்னால் நிற்பவருக்குக் கயிறு கட்டிய குடம், பின்னால் நிற்பவருக்குக் கட்டாத குடம். கறுப்பு விழுந்தால் மாற்றி. பதினைந்து நாளும் அவரவருக்கு அதே குடம்தான். ஒரு குடத்தில் வேர்க் கஷாயம் இருக்கும். இன்னொன்றில் வேர் இருக்காது, கசப்பு மட்டும் இருக்கும். எதில் வேர் என்பது காய்ச்சுகிற செங்கமலத்துக்கு மட்டும் தெரியும். அவள் கூடத்துப் பக்கமே போகக் கூடாது. இரண்டு பெண்கள் தினமும் காலையில் போய், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பதினைந்து நாள் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பது.

“உங்களுக்குக்கூடத் தெரியக் கூடாதா?” என்றார் வயிரவநாதன்.

“தெரிஞ்சா, வேர் குடிச்சவர்கிட்ட மட்டும் ‘கொஞ்சமாவது கண்ணசந்தீங்களா’ன்னு ரெண்டு தரம் கேட்பேன்.”

கூடத்திலும் எதையும் மறைக்கவில்லை. ஒரு குடத்தில்தான் மருந்து, எது வரும் என்று சொல்ல முடியாது, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் துப்பிவிடலாம் என்று சொன்னாள் பூரணத்தம்மாள். ஒருவரும் விலகவில்லை. வேறு போக்கிடம் இருந்தால்தானே.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வைத்தியர் கையால் கொட்டையை உருட்ட வேண்டும். கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர்.

பூரணத்தம்மாள் தயங்கினாள். பிறகு கொட்டையை அவரிடம் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் செங்கமலம் குடங்களை மூடி வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனாள். வயிரவநாதன் அடுப்படிக்குள் நுழைந்தார்.

திருடனைப்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். ஒரு குடத்தில் விரலை விட்டு நக்கினார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த குடத்தில் விட்டார்.

கயிறு கட்டிய குடம் கூடுதலாகக் கசந்தது. அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

முப்பது வருடம் வேரை அரைத்தவர். இந்தக் கசப்பு தெரியாதா? கயிறு கட்டிய குடத்தில்தான் வேர்.

தெரிந்துகொண்டது தப்புதான், ஆனால் எதையும் மாற்றப்போவதில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாமெல்லாம் சொல்லிக்கொள்வதுதான்.

மறுநாள் காலையில் உருட்ட ஆரம்பித்தார். முதல் எட்டு இணைகளுக்குக் கொட்டை விழுந்தபடியே விட்டார். வெள்ளை விழுந்தால் வெள்ளை, கறுப்பு விழுந்தால் கறுப்பு.

ஒன்பதாவது இணையில் முன்னால் நின்றது இளையபெருமாள். அவன் நின்றான் என்று சொல்வதைவிட, யாரோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள் என்பதே சரி. அண்ணன் முகத்தைப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அவன் பின்னால் ஒரு பெண் நின்றாள்.

வயிரவநாதன் உருட்டினார்.

கறுப்பு.

தம்பிக்குக் கட்டாத குடம். வெறும் கசப்புத் தண்ணீர். இன்னும் பதினைந்து நாள். அடுத்த முறை கிணற்றடியில் ஆள் இருப்பார்களா?

பூரணத்தம்மாள் அப்போது குனிந்து முந்தைய இணையின் பேரை எழுதிக்கொண்டிருந்தாள்.

நாற்பது பேரில் ஒரு ஆள். இதனால் என்ன குடி முழுகிவிடப்போகிறது?

கொட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது வெள்ளை இருந்தது.

“வெள்ளை” என்றார். குரல் சரியாகத்தான் வந்தது.

இளையபெருமாள் கயிறு கட்டிய குடத்துப் பக்கம் போனான். அந்தப் பெண் மற்றதன் பக்கம் போனாள்.

நாலாம் நாள் இளையபெருமாள் தூங்கினான். பொழுது நன்றாக ஏறியும் எழுந்திருக்கவில்லை. வயிரவநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மூச்சு வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை வந்தது. செய்தது சரிதான் என்று அன்று அவருக்கு முழுசாக நம்பிக்கை வந்துவிட்டது.

ஏழாம் நாள் காலையில், குறித்துவரப் போன பெண்கள் ஓடி வந்தார்கள்.

“அம்மா, நாலஞ்சு பேருக்குக் கைகால் உதறுது. நேத்திலேருந்தாம்.”

பூரணத்தம்மாள் எழுந்துவிட்டாள். “யாரும் இனி ஒரு வாய் குடிக்கக் கூடாது. ரெண்டு குடத்தையும் கவுத்துடுங்க. செங்கமலத்தைக் கூப்பிடுங்க.”

“பதினைஞ்சு நாள் ஆகலையே?” என்றார் வயிரவநாதன்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏட்டைப் பிரித்துக் கூட்டினாள்.

“கயிறு கட்டின குடம். இருபது பேர்ல பதிமூணு பேர் தூங்கறாங்க. உதறல் யாருக்கும் இல்லை. கட்டாத குடம். இருபதுல பதினொரு பேர் தூங்கறாங்க. உதறல் நாலு பேருக்கு.”

“பாத்தீங்களா?” வயிரவநாதன் துள்ளி எழுந்தார். “நான்தான் சொன்னேனே, என் வேர்…”

“கயித்துக் குடத்துல வேர் இல்லையே ஐயா” என்றாள் செங்கமலம்.

“அதெப்படி? அதுதானே கூடக் கசந்துச்சு!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. பூரணத்தம்மாள் ஏட்டை மூடினாள்.

செங்கமலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அதுல வேர் இல்லைங்கிற குறை தெரியக் கூடாதேன்னு நிலவேம்பு ரெண்டு பிடி அதிகமாப் போட்டேன். வேறொண்ணும் இல்லை” என்றாள்.

“என் தம்பி தூங்கினானே” என்றார் அவர். “வெறும் நிலவேம்பைக் குடிச்சா தூங்கினான்? அப்ப எதனாலே?”

“தெரியலை. நாளும் ஆயிருக்கு. சுத்தி ஆள் படுத்திருக்காங்க. காலையில ஒருத்தி வந்து தூங்கினீங்களான்னு கேக்கறா. எதுன்னு எனக்குத் தெரியலை, ஐயா” என்றாள் பூரணத்தம்மாள்.

முந்நூறு பேர் அவர் கண்முன்னால் வந்து போனார்கள். திரும்பி வராத இருநூற்று நாற்பது பேரும் வந்தார்கள்.

பிறகு அவர் சொன்னார். கொட்டை கறுப்பாக விழுந்ததையும், உள்ளங்கையை வைத்ததையும், ஒன்றுவிடாமல் சொன்னார்.

சொல்லும்போதே அவருக்குள் ஒரு சந்தோஷம் தலைகாட்டியது. திருப்பாமல் விட்டிருந்தால் அந்த வேரைத் தம்பி அல்லவா குடித்திருப்பான்! அந்தச் சந்தோஷம் அவருக்கே பிடிக்கவில்லை.

“உங்க கையில கொட்டையைக் கொடுத்தது என் தப்பு” என்றாள் பூரணத்தம்மாள். “தூக்கத்தை மட்டும் கேக்கச் சொன்னதும் என் தப்பு. தம்பிக்குப் பதிலா அந்தக் குடத்துக்குப் போனது யாரு?”

“பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை.”

“பேரு?”

அவருக்குத் தெரியவில்லை.

“எப்படி இருக்காங்க?”

அதுவும் தெரியவில்லை. ஏழு நாளும் அதே கூடத்துக்குப் போய் வந்தவர்தான். தம்பி பாயைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை.

அவளிடம் ஏடு இருந்தது. பேர் அதில் எழுதியிருந்தது. இருந்தும் அவள் அதைப் பிரிக்கவில்லை.

“போய்க் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

கூடத்தில் உதறல் வந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீர் கொடுத்திருந்தார்கள். “கை ஆட ஆரம்பிச்சதுமே துப்பிட்டோம் ஐயா, இப்பப் பரவாயில்லை” என்றார்கள். அவர்களில் யாரும் அவள் இல்லை.

கடைசி மூலையில் ஒருத்தி கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். வெயில் ஏறிப் புழுங்கிக்கொண்டிருந்தது. கம்பளி ஆடிக்கொண்டிருந்தது.

வயிரவநாதன் கிட்டே போய் உட்கார்ந்தார். அவள்தான்.

“உன் பேர் என்னம்மா?”

“பேச்சி.”

பல் கிடுகிடுத்ததில் பேர் இரண்டாக உடைந்து வந்தது. கம்பளியை விலக்கி நாடி பார்க்கப் போனார். கை பிடியில் நிற்கவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“நாலு நாளா.”

“கேக்க வந்தவங்ககிட்ட ஏன் சொல்லலை? ஏன் துப்பலை?”

அவள் சிரித்தாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குனியும்படி அவருக்குச் சைகை காட்டினாள். அவர் காதைக் கொண்டுபோனார்.

“நான் பாத்தேன் ஐயா. கொட்டை கறுப்பாத்தான் விழுந்துச்சு. நீங்க திருப்பினீங்க.”

அவர் நிமிரப் போனார்.

“எனக்கு நாதி யாருமில்லை. இத்தனை பேர்ல என் முகத்தைப் பாத்து எனக்குன்னு நல்ல குடத்தை மாத்தி விட்டீங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்குக் கெட்ட பேருன்னு வாயைத் திறக்கலை. அவங்கல்லாம் துப்பினாங்க. நான் ஒரு சொட்டுகூட விடலை ஐயா.”