விருதுநகரில் பெய்த பனி

விருதுநகர் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே ராட்டினம் ஓட்டுகிறவள் மாரிக்கனி. அங்கு வேலை பார்க்கும் பெண்கள் யாருக்கும் உட்கார நாற்காலி கிடையாது. நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்கிப்போனது.

சித்திரை வெயிலில் ஒருநாள், முதலாளி ரத்தினவேலிடம் போய் அவள் நாற்காலி கேட்டாள். அவர் வேலையாட்கள் முன்னால் வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

"இந்த ஊர்ல பனி பெய்யட்டும். அன்னைக்கே எல்லாருக்கும் நாற்காலி போடுறேன். இத்தனை பேரும் சாட்சி."

"சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மார்கழி பிறந்தது. ஒரு விடியற்காலை முதலாளி தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வாசலில் வேலையாட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"என்ன முதலாளி, மப்ளரெல்லாம் கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"பனி என்னமா பெய்யுது, தெரியலையா?"

"தெரியுதுங்க. உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் சொன்னது காஷ்மீர்ல கொட்டுற பனி" என்று இழுத்தார்.

"இந்த ஊர்லன்னுதானே சொன்னீங்க?"

மதியத்துக்குள் நாற்காலிகள் வந்தன. மாரிக்கனி ஒன்றை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ராட்டினத்தைச் சுற்றவிட்டாள்.