பக்கிரிசாமி கட்டிய ஜதி

முதலில் துரோகம் செய்தவன் தண்டபாணி. அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

பக்கிரிசாமியும் அவனும் ஞானாம்பாளிடம் ஒன்றாக நட்டுவாங்கம் கற்றவர்கள். பக்கிரிசாமி ஏழு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு ஜதி கட்டினார். தண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பட்டணத்துக்குப் போய், தான் கட்டியது என்று சொல்லி அதை ஆடவைத்தான். இருபத்தாறு வருஷமாக ஊர் வாயில் அது தண்டபாணி ஜதி.

இந்தத் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் அவன் மாணவி அதே ஜதிக்கு ஆட வேண்டும். அவனுக்கோ கை முறிந்து மாவுக்கட்டு. தாளம் தட்டி ஜதி சொல்ல ஆளில்லை. வெட்கமில்லாமல் பக்கிரிசாமிக்கே சொல்லி அனுப்பினான்.

பக்கிரிசாமி உடனே சம்மதித்தார். சம்மதித்த கையோடு குருவின் வீட்டுக்குப் போனார்.

எழுபத்தெட்டு வயது ஞானாம்பாள் முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன பக்கிரி, மூஞ்சி கொதிக்குது?”

“நாளைக்கு அவனைச் சபையில தலைகுனிய வைக்கப்போறேன். தப்பாம்மா?”

“எப்படி வைப்பே?”

“மூணாம் காலத்துல கொஞ்சம் வேகத்தை ஏத்திடுவேன். பொண்ணு கால் பின்னிக்கும். நீ சொல்லிக்குடுத்த லட்சணம் இதானான்னு நாலு பேர் அவனைக் கேப்பாங்க.”

“பொண்ணுக்கு என்ன வயசு?”

“பதிமூணு.”

ஞானாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகினாள்.

“ஏத்திக் காட்டு.”

“அம்மா, உங்க முட்டி...”

“என் முட்டியை நான் பாத்துக்கறேன். சொல்லுடா.”

சொன்னார். முதல் காலம் நிதானமாகப் போயிற்று. வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் கிழவியின் பாதம் அழுத்தமாக விழுந்தது. அரைமண்டியில் உட்கார முடியாத உடம்பு. ஆனால் அடி ஒவ்வொன்றும் சொல்லின் நெற்றியில் விழுந்தது. மூன்றாம் காலத்தில் பக்கிரிசாமி பல்லைக் கடித்து வேகத்தை ஏற்றினார்.

ஞானாம்பாள் ஏறவில்லை. அவள் கால் பழைய கணக்கிலேயே போயிற்று. அவர் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகும் அவள் பாதத்தில் ஜதி மிச்சம் இருந்தது.

“எது உன் ஜதி?”

“உங்க கால்ல இருந்ததுதான்.”

“நீ சொன்னது?”

அவர் முறைத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு உங்க கால் இல்லையே. அவ விழுவா.”

“விழட்டும். பாக்கறவன் என்ன சொல்லுவான்? ஜதி கட்டினவனுக்குக் கணக்கு தெரியலைம்பான். அன்னைக்கு மட்டும் தண்டபாணி மறக்காம உன் பேரைச் சொல்லுவான்.”

மறுநாள் மண்டபத்தில் பக்கிரிசாமி தாளத்தைக் கையில் எடுத்தார். சிறுமி தரையைத் தொட்டுக் கும்பிட்டு நின்றாள். மூன்றாம் காலம் வந்தது. அவர் அரை மாத்திரைகூட அசையவில்லை. அவள் கால் மழைபோலக் கொட்டியது; முகம் மட்டும் விளக்குச் சுடர் மாதிரி நின்றது. கடைசி அடி அவருடைய கடைசிச் சொல்லோடு ஒன்றாக இறங்கியபோது மண்டபம் மூச்சுவிட மறந்தது. இவ்வளவு அழகானதையா திருடினான் என்று பக்கிரிசாமிக்கு இன்னும் கோபம் ஏறியது.

தண்டபாணி மாவுக்கட்டோடு மேடையேறிச் சால்வை வாங்கினான். ஒலிபெருக்கியில், “அடியேன் கட்டிய ஜதி” என்றான்.

பக்கிரிசாமி நேராக ஞானாம்பாளிடம் வந்தார்.

“இப்பவும் சொல்லலைம்மா. பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். என்னைப் பாத்துக்கிட்டே சொல்றான்.”

“பொண்ணு ஆடினாளா?”

“ஆடினா.” குரல் இறங்கியது. “நான் கட்டினப்போகூட அது அவ்வளவு நல்லா இருந்ததில்லை.” மறுபடி நிமிர்ந்தார். “அதுக்காக அவனை மன்னிக்கச் சொல்றீங்களா?”

“நான் எப்போ சொன்னேன்? உன் பேரை அவன் குடுத்தே ஆகணும். விடாதே, கேட்டுக்கிட்டே இரு.”

ஞானாம்பாள் முட்டியை நீவிக்கொண்டாள்.

“தாளம் தப்பாம கேளு.”