நடுவருக்கு வந்த விடை

"பத்தாவதோட நின்னவளுக்கு இந்த மாதிரி குறிப்பெல்லாம் எழுத வராது. யாரும்மா எழுதிக் குடுத்தா?" குறுக்கெழுத்துக் குறிப்பு எழுதும் போட்டியின் நடுவர் கோதண்டராமன் மைக்கிலேயே கேட்டார்.

"நானேதான் சார்."

அவர் நம்பவில்லை. "சரி, இங்கேயே புதுசா ஒண்ணு எழுது. நான் விடையைக் கண்டுபிடிச்சுட்டா நீ போட்டியை விட்டுப் போயிடணும்."

அவருக்கு வராத விடையே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒரு சொல்கூடத் தோன்றவில்லை. அதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். கைக்கு வந்ததைப் பலகையில் எழுதினேன்: 'தலையிழந்த வணிகன் திரும்பிப் போய்ப் பாதி ஆற்றில் விழுந்தான். ஐந்தெழுத்து.'

அவர் சிரித்தார். "இதெல்லாம் ஒரு குறிப்பா? படிக்கும்போதே விடை வந்துடுச்சு. கிளம்பு."

பையை எடுத்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"போறேன் சார். அந்த விடையை மட்டும் பலகையில எழுதிடுங்க. சத்தியமா எனக்கே தெரியாது. விடையே இல்லாமத்தான் எழுதினேன்."

பின்வரிசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். போட்டியை நடத்தும் பார்கவி மேடம் எழுந்துவந்து அவர் கையில் மார்க்கரைக் கொடுத்தார்.

"அஞ்சே எழுத்துதானே, எழுதுங்க சார்."

அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை.