வாய் திறந்த கேளையாடு

ஒரு காட்டில் செந்நாய்களின் அட்டகாசம் பொறுக்க முடியாமல் போகவே, மற்ற விலங்குகள் சேர்ந்து ஒரு காவல் படை அமைத்தன. புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்குவதற்கு மலையடிவாரத்தில் ஒரு பயிற்சிக் களம் இருந்தது. வீரணன் என்ற காட்டெருதுதான் அங்கே தளபதி. கண்டிப்புக்குப் பேர்போனது.

ஒரு நாள் காலையில் தும்பை என்ற கேளையாடு அங்கே வந்து சேர்ந்தது. கேளையாடு, மான் இனத்தில் சிறியது. பயந்துவிட்டால் நாயைப்போலக் குரைக்கும். போன மழைக்காலத்தில் தும்பையின் தம்பியைச் செந்நாய்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டன. அன்று முதல், படையில் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அதற்கு.

வந்தவர்களை வரிசையாக நிறுத்தி வீரணன் விதிகளைச் சொன்னது. முன்னால் போகிறவரைப் பார்த்து நடக்க வேண்டும். ‘வட்டம்’ என்று கட்டளை வந்தால் சிறியவர்களை உள்ளே விட்டு, கொம்பும் கோரைப்பல்லும் உள்ளவர்கள் வெளியே பார்த்தபடி வளைத்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அணிவகுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒரு காய் மரத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. தும்பை திடுக்கிட்டுக் குரைத்துவிட்டது. வரிசை முழுவதும் சிரித்தது.

வீரணன் சிரிக்கவில்லை. களத்தைச் சுற்றி ஓடச் சொன்னது. மூச்சிரைக்க ஓடித் திரும்பிய தும்பையிடம், “இன்னொரு முறை உன் சத்தம் கேட்டால், நீ வீட்டுக்குப் போகலாம்” என்றது.

தும்பைக்குக் கண்ணில் நீர் முட்டியது. பின்னால் நின்ற முட்டியன் என்ற காட்டுப்பன்றி, எதற்கும் வாயில் கொஞ்சம் புல்லைக் கவ்விக்கொள் என்று மெல்லச் சொல்லிக்கொடுத்தது. தும்பையும் அப்படியே செய்தது.

வெயில் ஏறியதும் அணிவகுப்பு புறப்பட்டது. மூங்கில் புதர்களுக்கு நடுவே குறுகலான பாதை. வீரணன் முன்னால் நடந்தது. மற்றவை சத்தமில்லாமல் தொடர்ந்தன.

திடீரென்று காற்று திசை மாறியது. அதில் செந்நாய் வாடை வந்தது. தும்பை அந்த வாடையை மறக்குமா?

தளபதி நேராகப் போய்க்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்தது தளபதிக்குத் தெரியாதா என்று தும்பை தன்னைத் தேற்றிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், முட்டியனின் மூக்கும் துடித்தது. ஆனாலும் அது தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தது. இப்போது குரைத்தால் வீடுதான். தும்பை இன்னும் சில அடி நடந்தது.

முன்னே, மூங்கில் தூருக்குப் பின்னால், ஒரு செந்நிற வால் அசைந்தது.

தும்பை புல்லைத் துப்பிவிட்டுத் தொண்டை கிழியக் குரைத்தது.

கோபத்தோடு தலையைத் திருப்பிய வீரணனின் கண்ணில் புதருக்குள் பதுங்கியிருந்த கூட்டம் பட்டது.

“வட்டம்!” என்று முழங்கியது.

காலையில் கேட்ட பாடம் கால்களுக்கு நினைவிருந்தது. செந்நாய்கள் பாய்ந்து வந்தபோது, சுற்றிய பக்கமெல்லாம் கொம்பும் கோரைப்பல்லுமாக இருந்தது. கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்துவிட்டு அவை வந்த வழியே போய்விட்டன.

தும்பை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தளபதியிடம் வந்தது. கட்டளையை மீறிவிட்டதாகவும் வீட்டுக்குப் போகத் தயார் என்றும் சொன்னது.

வீரணன் மற்றவர்களைப் பார்த்தது. “வேறு யாருக்காவது வாடை தெரிந்ததா?”

முட்டியன் முன்னால் வந்தது.

“எனக்குத் தெரிந்தது ஐயா. வாயைத் திறந்தால் அனுப்பிவிடுவீர்கள் என்று பேசாமல் வந்தேன்.”

தனக்கும் தெரிந்தது என்று ஒரு முயலும் ஒப்புக்கொண்டது.

வீரணன் சொன்னது: “எதிரி நம்மைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் வாய் திறக்காதீர்கள் என்றேன். ஏன் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. தும்பை, இனிமேல் நீ என் பக்கத்தில் நட.”

அணிவகுப்பு மறுபடி புறப்பட்டது. தும்பையின் குட்டைக் கால்கள் ஈடுகொடுக்கும்படி, காட்டெருது தன் நடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது.

நீதி: கட்டளைக்குக் கீழ்ப்படிவது நல்லது, அது எதற்காக இடப்பட்டது என்று அறிந்து நடப்பது அதைவிட நல்லது.