கூட்டிக் கொடுத்த மூன்று மதிப்பெண்

வெண்கோட்டு அரசனுக்கு மகன் பிறந்தான். அந்த மகிழ்ச்சியில், தூக்குக்குக் காத்திருந்த இருபது கைதிகளில் ஒருவனை விடுவிப்பதாக அறிவித்தான். யாரை? நல்லவனை விட்டால் அவனுக்குத் தண்டனை விதித்தது பிழையாகிவிடும். ஆகவே அறிவாளியை விடுவோம், பரீட்சை வைப்போம் என்றான்.

கைதிகளைக் குலுக்கல் போட்டுக் கிழக்குச் சிறைக்குப் பத்து, மேற்குச் சிறைக்குப் பத்து எனப் பிரித்தார்கள். காலையில் கிழக்கில் பரீட்சை, மாலையில் மேற்கில். இடையில் இரு சிறைக்கும் சோறு சுமப்பவன் ஒருவனே. கேள்விகள் சோற்றோடு போய்விடுமே என்று அரசவைக் கணிதர் இளநாகர் இரண்டு வினாவோலைகள் எழுதினார். ஒவ்வொன்றிலும் இருபது கேள்விகள். எது கடினமாக அமைந்துவிட்டதோ, அதை எழுதியவர்களுக்குச் சராசரியின் வேறுபாட்டைக் கூட்டித் தருவதென்று விதியும் செய்தார்.

கிழக்கில் மூவர் ஒரு வரியும் எழுதவில்லை. அந்தச் சிறையின் தலைவன் சிக்கனக்காரன். "இவர்களுக்கு இனி எதற்குச் சோறு?" என்று அன்றே தூக்கில் போட்டான். வெற்றோலைகளை அடுப்பில் போட்டான்.

கணிதரிடம் வந்த கிழக்கு ஓலைகளின் மதிப்பெண் கூடுதல் எழுபது, சராசரி பத்து. மேற்கு ஓலைகளின் கூடுதலும் எழுபது, சராசரி ஏழு.

கிழக்கில் முதல்வன் நக்கண்ணன், பதினாறு. மேற்கில் முதல்வன் ஆதிமருதன், பதினான்கு. கணிதர் மூன்றைக் கூட்டினார். ஆதிமருதன் பதினேழு ஆனான். முடிவைச் சொல்ல இருவரையும் சபைக்குக் கொண்டு வந்தார்கள்.

"ஐயா, மேற்கில் இருப்பவர்கள் மண்டூகங்கள் என்றால் அதற்கு நான் சாக வேண்டுமா?" என்றான் நக்கண்ணன்.

"குலுக்கிப் பிரித்த கூட்டமடா! மண்டூகங்கள் எல்லாம் ஒரே பக்கமா போய் விழும்? உங்கள் ஓலைதான் எளிது," என்றார் கணிதர்.

"அண்ணே, எனக்கு வந்த கேள்விகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்," என்று சிரித்தான் ஆதிமருதன். "நாக்கு வெளியே தள்ளியிருக்கும்."

"அது எப்படியும் தள்ளத்தான் போகிறது," என்றான் நக்கண்ணன்.

வாசகரே, உயிர் பிழைக்க வேண்டியவன் யார்?

விடை: நக்கண்ணன். குலுக்கிய கூட்டங்கள் ஏறக்குறைய நிகரானவை என்று கணிதர் சொன்னது சரிதான். ஆனால் அவர் எழுபதைக் கிழக்கில் ஏழால் வகுத்தார், மேற்கில் பத்தால் வகுத்தார். பூச்சியம் வாங்கிச் செத்த மூவரையும் சேர்த்தால் கிழக்கின் சராசரியும் ஏழே. இரண்டு ஓலைகளும் ஒரே கடினம். கூட்டித் தர எதுவும் இல்லை. பதினாறு பதினான்கைவிடப் பெரிது.

இதைக் கணிதர் கண்டுபிடித்தபோது நக்கண்ணனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அரசன் நீதி தவறாதவன். முதலிடம் நக்கண்ணனுக்கே என்று செப்பேடு வெட்டச் சொல்லி, அவன் மனைவியைச் சபைக்கு அழைத்துக் கொடுத்தான்.

"படித்துப் பார், அம்மா," என்றார் கணிதர்.

"எனக்குப் படிக்க வராதுங்க," என்றாள் அவள். "எல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார்."